சோக கீதங்களின் ஆசிரியர் ஸ்டீபன் ஃபாஸ்டர்

மெய்ப்பாடுகள் எட்டு எனக் கூறிய தொல்காப்பியனார், அவற்றுள் அழுகை என்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு காரணம் பற்றிப் பிறக்கும் என்று வகுத்தனர். பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரையும் உடைமையையும் பறிகொடுத்தல் இழவு. முன்னிருந்த நல்ல நிலை கெட்டு வேறொரு நிலையிற் கிடந்து வருந்துதல் அசைவு. வேண்டுவன இன்றி வாடுதல் வறுமை. இந்நான்கனுள் ஒன்று வந்துற்றாலே மனிதன் கண் கலங்குகின்றான். நான்கும் ஒருங்கே சூழ்ந்த வாழ்க்கை ஒன்றனையும், அவ்வாழ்க்கையினின்று பிறந்த பாடல்களையும் நாம் இங்கே எடுத்துக் கூறப் புகுகின்றோம்.

ஆங்கில மொழியில் கேட்டார் உள்ளத்தை உருக்கும் பாடல்கள் பல உள. ஸ்காட்லாந்து தேயத்துப் பர்ன்ஸ் என்பாரும், அயர்லாந்து தேயத்துத் தாமஸ் மூர் என்பாரும் அவ்வகையிற் புகழ் பெற்றவர்கள். அவர்களுக்குப் பின் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே தோன்றி, சொல்லும் தாமே, இசையும் தாமே என இரண்டனையும் இயற்றி, எளியோர் வீட்டுத் திண்ணை முதல் செல்வர் மாளிகை வரை அனைவரையும் அழச் செய்தவர் ஸ்டீபன் காலின்ஸ் ஃபாஸ்டர் என்பவர். அவர் வாழ்ந்தது முப்பத்தேழு ஆண்டே. அவர் இயற்றிய பாடல்கள் 200-க்கு மேற்பட்டன.

பிறப்பும் குடும்பமும்

ஃபாஸ்டர் 1826-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4-ஆம் நாள், பென்ஸில்வேனியா மாகாணத்துப் பிட்ஸ்பர்க் நகரை அடுத்த லாரன்ஸ்வில் என்னும் ஊரிற் பிறந்தார். அமெரிக்கர் தம் சுதந்தரத்தைப் பிரகடனம் செய்து சரியாக ஐம்பது ஆண்டு நிறைந்த நாள் அது. நாடெங்கும் விழாக் கொண்டாடப்பட்ட அந்நாளிலேயே, அப்பிரகடனத்துக்குப் பெரிதும் காரணராயிருந்த ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெபர்ஸன் என்னும் முன்னாள் ஜனாதிபதிகள் இருவரும் உயிர் நீத்தனர்.

தந்தையார் வில்லியம் ஃபாஸ்டர் ஒரு வணிகர். 1814-ஆம் ஆண்டில் நிலம் வாங்கி லாரன்ஸ்வில் ஊரை அமைத்தவர் அவரே. போரில் இறந்த வீரரை அடக்கம் செய்தற்கென்று அந்நிலத்தில் ஒரு பகுதியை இனாமாக அளித்தவரும் அவரே. நதியைப் பார்த்து நின்ற அவருடைய வீட்டை ஊரார் வெள்ளை மாளிகை என்னாது, அடக்கமாக வெண்குடில் என்று வழங்கினர். ஆயினும் அவருக்குக் கொடுக்கத் தெரிந்த அளவு காக்கத் தெரிந்திலது. கடன் பெருகிற்று, மதுப் பழக்கமும் பற்றிற்று. ஸ்டீபன் நடை பயிலும் குழந்தையாயிருந்த காலத்தே நிலமும் வீடும் கையை விட்டுப் போயின. அதன் பின் அக்குடும்பம் வாடகை வீடுகளிலும் உறவினர் வீடுகளிலும் இடம் மாறி மாறி வாழ்ந்தது. இழந்த அவ்வில்லத்தைத் தாயார் எலைஸா அம்மையார் இறுதி வரையில் மறந்தாரில்லை. தாம் நினைவிற் காணாத ஒரு வீட்டைத் தாயின் ஏக்கத்தின் வாயிலாகவே அறிந்து வளர்ந்தார் மகன். பிற்காலத்தில் அவர் பாடிய பாடல்களிலெல்லாம் தொலைவில் நிற்கும் ஒரு பழைய வீடு திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவே வித்து என்று நாம் கருதுகின்றோம்.

உடன் பிறந்தார் பலருள் உயிர் பிழைத்தவர்களில் இவரே கடைக்குட்டி. தமக்கை சார்லட் நன்றாகப் பாடவும் பியானோ வாசிக்கவும் வல்லவள். அவள் 1829-ஆம் ஆண்டில், இருபது வயது நிரம்பு முன்னரே, உறவினர் ஊருக்குச் சென்றிருந்த இடத்திற் காய்ச்சல் கண்டு இறந்தாள். ஸ்டீபனுக்கு அப்பொழுது வயது மூன்று. வீடு இழந்த துயரின் மேல் மகளை இழந்த துயரும் அக்குடும்பத்தின் மேற் கவிந்தது.

கல்விப் பயிற்சி

பள்ளிப் படிப்பில் ஃபாஸ்டருக்கு மனம் செல்லவில்லை. புல்லாங்குழலும் பியானோவுமே அவரை இழுத்தன. அண்ணன் வில்லியம் என்பவர் கால்வாய் வெட்டும் வேலையில் இன்ஜினீயராயிருந்தமையின், தம்பியைத் தம்மோடு அழைத்துச் சென்று டோவாண்டா, ஏதென்ஸ் என்னும் ஊர்ப் பள்ளிகளிற் சேர்ப்பித்தார். ஏதென்ஸ் பள்ளியின் ஆண்டு விழாவுக்காகத் தம் பதினான்காம் வயதில் ஃபாஸ்டர் ஒரு வாத்திய இசை இயற்றினார். டியோகா வால்ட்ஸ் என்னும் அதுவே அவருடைய முதற் படைப்பு.

1841-ஆம் ஆண்டில் கானன்ஸ்பர்க் ஊரிலிருந்த ஜெபர்ஸன் கல்லூரியில் அவரைச் சேர்த்தனர். அங்கே அவர் தங்கியது சில நாட்களே. வீட்டு நினைவு மேலிடப்பெற்று நகருக்குத் திரும்பிவிட்டார். கல்லூரியின் பக்கம் மீண்டும் சென்றாரல்லர். விடுதியிற் சேர்ந்த முதல் வாரத்து இரவுகளை அறிந்த நம் மாணவர் அவரை எளிதில் நகையாடமாட்டார்கள். அன்று அவர் பட்ட துன்பமே பின்னர்ப் பல்லாயிரம் மக்கள் தத்தம் வீட்டை நினைந்து உருகும் பாட்டாயிற்று. ஆயினும் கல்வியை நடுவிலே விட்டமையால் விளைந்த தீங்கையும் நாம் மறைத்தல் கூடாது. உடன்படிக்கையைப் படித்துப் பார்த்தலும், தம் உழைப்புக்கு விலை கேட்டலும் அவருக்கு என்றும் கைவந்தில.

பிட்ஸ்பர்க்கில் ஹென்றி கிளீபர் என்னும் ஜெர்மானிய இசை வல்லார் ஒருவர் இருந்தார். அவரிடம் ஃபாஸ்டர் இசை நுட்பங்களைக் கற்றார். மேனாட்டு மேதைகளின் இசை நூல்களைத் தாமே ஆராய்ந்தார். 1844-ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், அவருடைய முதற் பாடல் பிலடெல்பியா நகரில் அச்சேறிற்று.

கணக்கு மேசையும் பாட்டும்

பாடுதலே தொழிலாக ஒருவன் வயிறு வளர்த்தல் கூடும் என்பதனை அக்காலத்து அமெரிக்காவில் எவரும் நினைத்ததில்லை. ஆதலால் 1846-ஆம் ஆண்டில் அவரைச் சின்சினாட்டி நகருக்கு அனுப்பினர். அங்கே அண்ணன் டன்னிங் நடத்திய நீராவிப் படகுக் கம்பெனியில் அவர் கணக்கர் ஆனார். ஒஹையோ நதிக் கரையில் அந்நகரம் உளது. நதியின் வட கரை அடிமை முறை இல்லாத நாடு. தென் கரையாகிய கென்டக்கி அடிமைகள் விலை கூறி விற்கப்பட்ட நாடு. படகுகளிலிருந்து மூட்டை இறக்கும் கறுப்பின மக்களின் பாட்டுக்கள் கணக்கறையில் இருந்த இளைஞர் செவியில் விழுந்தன.

அக்காலத்திலே மேடைக் கேளிக்கை ஒன்று நாடெங்கும் பரவி நின்றது. வெள்ளையர் சிலர் எரித்த தக்கைக் கரியை முகத்திற் பூசி, கறுப்பின அடிமைகளைப் போல வேடம் புனைந்து, அவர்கள் பேச்சைக் கொச்சையாக்கிப் பாடியும் ஆடியும் அவையோரைச் சிரிக்கச் செய்வர். ஒரு பெருங் கூட்டத்து மக்களின் இளிவைப் பிறர் காசு கொடுத்துக் கண்டு நகைத்த கேளிக்கை அது. ஃபாஸ்டரும் முதலில் அம்மேடைக்கே பாடல் எழுதினார். 1847-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பிட்ஸ்பர்க்கில் ஓர் ஐஸ்கிரீம் சாலையில் முதன் முதற் பாடப்பட்ட ஓ சுசானா என்னும் களிப்புப் பாட்டு அத்தகையதே. 1849-இல் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிச் சென்ற கூட்டத்தார் வழியெல்லாம் அதனைப் பாடிச் சென்றனர். அதனை அச்சிட்டோர் பெருஞ் செல்வம் ஈட்டினர். இயற்றினவருக்கு அதில் வந்தது மிகச் சிறு தொகையே. அந்நாளிற் பதிப்புரிமைச் சட்டம் வலியற்றதாயிருந்தமையின், அனுமதி பெறாமலும் பல பதிப்பாளர் அதனை அச்சிட்டு விற்றனர். பாட்டை மேடையிற் பாடுவோர் ஆசிரியருக்கு ஒன்றும் கொடுக்க வேண்டுவதில்லை. அச்சுத் தாள் விற்றால் மட்டுமே அவருக்குக் காசு வரும்.

ஆயினும் அப்பாட்டின் பரவல் அவருக்குத் துணிவு தந்தது. 1849-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து ஃபர்த், பாண்ட் கம்பெனியாருடன் அவர் உடன்படிக்கை செய்து கொண்டார். விற்கும் பிரதி ஒவ்வொன்றுக்கும் இரண்டு சென்ட் கூலி என்பது ஏற்பாடு. கணக்கு மேசையை விட்டெழுந்து பிட்ஸ்பர்க் திரும்பினார். பாட்டு இயற்றுதல் ஒன்றனையே தொழிலாகக் கொண்டு வாழத் துணிந்தவர் அமெரிக்காவில் இவருக்கு முன் இருந்தார் என்று சொல்லுதல் அரிது.

ஸ்வானி நதி

1850-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிட்ஸ்பர்க் வைத்தியர் ஒருவரின் மகளாகிய ஜேன் மக்டவல் என்னும் மங்கையை ஃபாஸ்டர் மணந்தார். மறு ஆண்டு மேரியன் என்னும் பெண் மகவு பிறந்தது. அவ்வாண்டிலேதான் அவருடைய பாடல்களுள் தலைசிறந்ததாகிய ஓல்டு ஃபோக்ஸ் அட் ஹோம் வெளிவந்தது. வீட்டிலுள்ள முதியோர் என்பது அப்பெயரின் பொருள். வீட்டை விட்டு நெடுந்தொலைவு அலைந்து களைத்த ஒருவன், நதிக் கரையில் விட்டு வந்த பெற்றோரையும் உடன் பிறந்தாரையும் நினைந்து பாடுவதாக அமைந்தது அது. அந்நதிக்குப் பெயர் வேண்டித் தமையன் மாரிஸனோடு தேசப் படத்தைப் புரட்டிய பொழுது, ஃபிளாரிடா மாகாணத்திலோடும் ஸ்வானி என்னும் சிறு நதியின் பெயர் ஓசைக்கு இயைந்து வந்தமையின் அதனைக் கொண்டனர். அந்நதியை ஃபாஸ்டர் ஒரு நாளும் கண்டதில்லை. தென்னாட்டு அடிமைப் பண்ணைகளையும் அப்பாடலை எழுதிய காலத்தில் அவர் நேரிற் கண்டறிந்தவரல்லர்.

அப்பாட்டின் இசையைச் சிறிது கவனிப்போம். நம் ஸ்வரப் பெயராற் கூறின், முதலடி காந்தாரத்தில் நீள நின்று, ரிஷபத்தின் வழியாகச் ஷட்ஜத்திற்கு இறங்குகின்றது. மீண்டும் அவ்வாறே ஒரு முறை இறங்குகின்றது. இறங்கிய இடத்தினின்றும் திடீரென மேல் ஷட்ஜத்திற்குத் தாவுகின்றது. களைத்தவன் இருமுறை பெருமூச்செறிந்து, பின் தொலைவிலுள்ளதை எட்டிப் பிடிக்கக் கை நீட்டுதல் போன்றது அது. நதியின் பெயர் வருவதும் அத்தாவலிலேதான். துணைச் சுரங்களோ மிகச் சில; ஒரு மாதம் பியானோ பயின்ற சிறுமியும் வாசித்துவிடலாம். எவரும் பாடக்கூடியதாயிருந்தமையாலேயே எவருடைய துயரத்துக்கும் அது பாத்திரமாயிற்று.

இத்தகைய பாடலின் முகப்பில் ஃபாஸ்டரின் பெயர் இல்லை. கரிமுக மேடைக் கூட்டத்தின் தலைவராகிய கிறிஸ்டி என்பவர் சிறு தொகை கொடுத்துத் தம்மையே ஆசிரியராக அச்சிட்டுக் கொள்ளும் உரிமையைப் பெற்றிருந்தார். மேடைப் பாட்டெழுதுவோன் என்னும் பெயர் நல்லோரிடையே தமக்கு இழுக்கைத் தரும் என்று அஞ்சி ஃபாஸ்டரும் அதற்கு இசைந்திருந்தார். பாட்டு எங்கும் பரவின பின்னர், 1852-இல், இனி நாணாமல் தம் பெயரையே இடுவதாகத் தீர்மானித்துக் கிறிஸ்டிக்கு எழுதினார். கிறிஸ்டி இசையவில்லை. ஆசிரியர் கூலி ஃபாஸ்டருக்கு வந்ததே ஒழிய, புகழ் அவர் இருந்தவரையில் அத்தாளில் வரவில்லை. 1879-இல் பதிப்புரிமை புதுப்பிக்கப்பட்ட காலத்தேதான் உண்மை ஆசிரியரின் பெயர் அதில் ஏறிற்று. ஃபாஸ்டர் இறந்து அப்பொழுது பதினைந்து ஆண்டாயிருந்தன.

அடிமையின் கண்ணீர்

1852-ஆம் ஆண்டில் ஹாரியட் பீச்சர் ஸ்டோ அம்மையார் எழுதிய டாம் மாமாவின் குடிசை என்னும் நூல் வெளிவந்து, அடிமை முறையின் கொடுமையை அமெரிக்க மக்கள் கண்முன் நிறுத்திற்று. அந்நூலைப் படித்த உணர்ச்சியால் ஃபாஸ்டர் ஒரு பாட்டை எழுதத் தொடங்கினார். முதற் படியில் டாம் மாமாவின் பெயரே இருந்தது. திருத்தத் திருத்த அப்பெயர் மறைந்து, 1853-இல் மை ஓல்டு கென்டக்கி ஹோம் என்னும் பாடலாக அது வெளிவந்தது. அடிமை ஒருவன் தென் திசைக் கரும்புத் தோட்டத்துக்கு விற்கப்பட்டு, குடும்பத்தைப் பிரிந்து, இனித் திரும்பாத வீட்டுக்கு விடை கூறுவதே அதன் பொருள். மேடைக் கொச்சை அதில் இல்லை, நகைப்பதற்கும் ஒன்றுமில்லை. தாமே அடிமையாயிருந்து தப்பி வந்து விடுதலைக்கு உழைத்த பெரியாராகிய ஃபிரெடரிக் டக்ளஸ், 1855-இல் நிகழ்த்திய சொற்பொழிவில், இத்தகைய பாடல்கள் அடிமையின் பால் இரக்கத்தை எழுப்புகின்றன என்று பாராட்டிக் கூறினார். 1860-இல் வெளிவந்த ஓல்டு பிளாக் ஜோ என்னும் பாடலும், தன்னோடு வாழ்ந்தாரெல்லாம் மறைய, தனித்து நின்று சாவின் அழைப்பைக் கேட்கும் ஒரு முதியவனைக் கண்ணியத்துடனே காட்டுகின்றது.

ஆயினும் இவ்விடத்தில் நாம் நடுவு நிலைமையோடு பேசல் வேண்டும். ஃபாஸ்டர் அடிமை ஒழிப்பு இயக்கத்தைச் சேர்ந்தவரல்லர். அவருடைய தமக்கை ஒருத்தி, ஜனாதிபதி புக்கானனின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள். அடிமை முறையை அசைக்க விரும்பாத அக்கட்சிக்காக 1856-இல் தேர்தற் பாட்டுக்கள் எழுதினார். அன்றியும், அடிமையின் துயரத்தை அவர் பாடிய முறையிலே ஒரு குறை உண்டு. பண்ணையை விட்டுப் பிரிந்தவன் பண்ணைக்கே ஏங்குவதாகவும், எசமானன் இறந்ததற்கு அடிமைகள் அழுவதாகவும் அவர் பாடினார். தாயின் மடியினின்று குழந்தையைப் பறித்து விற்ற ஒரு முறைமையை, இழந்து வருந்துதற்குரிய இன்ப வாழ்வு போல அது தோன்றச் செய்தது. தம் வெண்குடிலை இழந்த ஏக்கத்தை, வீடென்று ஒன்று தமக்கு என்றுமே இல்லாதவரின் வாயிலே அவர் வைத்தார். ஏக்கம் மெய், ஆனால் அது வைக்கப்பட்ட இடம் பொய். இவ்விரண்டனையும் ஒருங்கே காணாதார் ஃபாஸ்டரை முற்றக் கண்டவர் ஆகார்.

தேய்ந்த இல்லறமும் பெருகிய கடனும்

இல்வாழ்க்கை இனிது நடக்கவில்லை. 1853-இல் கணவனும் மனைவியும் சிறிது காலம் பிரிந்திருந்தனர். பின்னர் ஒன்று கூடின காலத்து, 1854-இல், ஜீனி என்னும் இளம் பழுப்பு நிறக் கூந்தலாளைக் கனவிற் கண்டு ஏங்கும் பாடல் வெளிவந்தது. அது தம் மனைவியைக் கருதியதே என்பர். உடன் இருப்பவளைப் பிரிந்தவளாகவே பாடியிருப்பது நம் நெஞ்சை வருத்துகின்றது. அவ்வாண்டிலேயே அவர் எழுதிய மற்றொரு பாடல் ஹார்டு டைம்ஸ் என்பது. உண்டு களித்திருப்போர் சற்றே நின்று, தம் வாயிலிற் பசித்து நிற்கும் எளியோரின் துயரத்தைக் கேட்க வேண்டும் என்பது அதன் வேண்டுகோள். சாதி, நிறம், மேடை வேடம் எதுவும் அதில் இல்லை. வறுமை ஒன்றே உளது. ஃபாஸ்டரின் பாடல்களில் இன்றும் குற்றமின்றி நிற்பது எது என்று கேட்பின், இதனையே நாம் முதலிற் சுட்டுவோம்.

1855-ஆம் ஆண்டு ஜனவரியில் தாயார் இறந்தார். ஜூலையில் தந்தையார் இறந்தார். மறு ஆண்டு அண்ணன் டன்னிங்கும் இறந்தார். பாட்டு வருவாயோ செலவுக்குப் போதவில்லை. ஸ்வானி நதிப் பாடல் 1857-ஆம் ஆண்டு வரையில் அவருக்கு ஈட்டித் தந்தது ஏறக்குறைய 1650 டாலர். ஜீனிப் பாடலோ 217 டாலருக்குச் சிறிது மேல். முற்பணம் வாங்கி வாங்கிக் கடன் ஏறவே, 1857-இல் தம் பாடல்களின் வருங்கால உரிமை அனைத்தையும் பதிப்பாளருக்கே ஏறக்குறைய 1900 டாலருக்கு விற்றுவிட்டார். தந்தை நிலத்தை இழந்தவாறே மகன் பாட்டை இழந்தார். தந்தையைப் பற்றிய மதுப் பழக்கம் மகனையும் பற்றிற்று.

நியூயார்க்கில் இறுதி நாட்கள்

1860-இல் குடும்பத்தோடு நியூயார்க் நகருக்குப் பெயர்ந்தார். மறு ஆண்டு ஜேன் அம்மையார் மகளை அழைத்துக்கொண்டு பென்ஸில்வேனியாவுக்குத் திரும்பி, பின்னர் ரெயில்வே தந்தி வேலையில் அமர்ந்து மகளைக் காத்தார். ஃபாஸ்டர் ஏழைகள் தங்கும் விடுதிகளில் தனித்து வாழ்ந்தார். உள்நாட்டுப் போர் மூண்டிருந்த காலம் அது. ஜார்ஜ் கூப்பர் என்னும் இளைஞர் சொற்கள் எழுத, ஃபாஸ்டர் இசை அமைக்க, எழுதிய அன்றே கொண்டு போய்ச் சில டாலருக்கு விற்றுவிடுவர். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிச் சிறுவர்க்கான கீதங்களும் 1863-இல் அவரிடமிருந்து வெளிவந்தன. நியூயார்க்கிலிருந்த அச்சில ஆண்டுகளில் அவர் ஏறக்குறைய நூறு பாடல் எழுதினார் எனினும், முன்னைய பாடல்களின் ஆழம் அவற்றுட் சிலவற்றிலேதான் காணப்படுகின்றது.

1864-ஆம் ஆண்டு ஜனவரியில், பௌரி வீதி விடுதி ஒன்றிற் காய்ச்சலோடு கிடந்த ஃபாஸ்டர், எழுந்தவிடத்து மயங்கி விழுந்து, முகம் கழுவும் கிண்ணம் உடைந்து கழுத்தில் வெட்டுண்டு குருதி சோரக் கிடந்தார். கூப்பர் ஓடி வந்து பெல்வ்யூ தரும ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார். அங்கே ஜனவரி 13-ஆம் நாள் அவர் உயிர் நீங்கிற்று. அவருடைய பணப்பையில் இருந்தது 38 சென்ட். அதனுடன் ஒரு துண்டுத் தாளும் இருந்தது. அன்பரையும் கனிந்த நெஞ்சினரையும் விளித்து ஐந்து சொற்கள் அதில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. அடுத்த சொல் என்னவாயிருக்கும் என்பதை அறிவார் இல்லை.

மனைவியும் உடன் பிறந்தாரும் வந்து உடலைப் பிட்ஸ்பர்க்குக்குக் கொண்டு சென்று, லாரன்ஸ்வில் ஊரிலுள்ள அலிகெனி இடுகாட்டிற் பெற்றோர் பக்கத்தில் அடக்கம் செய்தனர். பிறந்த ஊரிலே, இழந்த வீட்டுக்கு அணித்தாகவே, அவர் இறுதியில் இடம் பெற்றார். அவர் மறைந்த சில வாரங்களில் பியூட்டிஃபுல் டிரீமர் என்னும் இனிய பாடலை, இறப்பதற்குச் சில நாள் முன் எழுதிய கடைசிப் பாடல் என்று விளம்பரம் செய்து பதிப்பாளர் வெளியிட்டனர். உண்மையில் அது 1862-லேயே அச்சுக்குச் சித்தமாயிருந்தது. அவருடைய சாவும் விற்பனைக்கு உதவிற்று.

மறைவுக்குப் பின்

புகழ் பின்னர் வெள்ளம்போல் வந்தது. கென்டக்கி மாகாணம் 1928-இலும், ஃபிளாரிடா மாகாணம் 1935-இலும் அவருடைய பாடல்களைத் தத்தம் மாகாண கீதமாக ஏற்றன. பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் 1937-ஆம் ஆண்டு அவருக்கு நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. ஜப்பான் தேசத்துப் பள்ளிச் சிறுவர்களும் அவர் இசையைப் பாடமாகப் பயின்றனர்.

அப்பாடல்களைக் கறுப்பின மக்கள் தாமும் கைக்கொண்டு பாடினர் என்பது சிந்திக்கத்தக்கது. போஹீமிய தேசத்துச் சங்கீத வித்துவான் ட்வோர்ஷாக் நியூயார்க்கில் ஆசிரியராயிருந்த காலத்து, ஸ்வானி நதிப் பாடலைப் பெருங் குழுவுக்கென அமைத்தார். 1894-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் அதனைப் பாடியவர் கறுப்பின மக்களின் குழுவினர். அடிமையாயிருந்த ஒருவரின் பேரராகிய ஹாரி பர்லி அதில் தனித்துப் பாடினார். கரி பூசிய முகங்கள் பாடிய பாட்டை, அது யாரைப் பற்றியதோ அவர் வழி வந்தோரே பெருமிதத்துடன் பாடிய நாள் அது.

குறையும் கண்டுகொள்ளப்பட்டது. 1986-இல் ஜப்பானிய மாணவர் குழு ஒன்று கென்டக்கி சட்டசபையிற் சென்று மாகாண கீதத்தைப் பழைய சொற்களுடனே பாடிற்று. அச்சொற்களுள் கறுப்பின மக்களை இழித்துரைக்கும் ஒன்றும் இருந்தது. அதன் பின் அச்சபையிலிருந்த கறுப்பின அங்கத்தினர் முன்மொழிய, மக்கள் என்னும் பொதுச் சொல் அவ்விடத்தில் இடப்பட்டது. ஃபிளாரிடா மாகாணம் 2008-இல் தன் கீதத்தின் சொற்களைத் திருத்திற்று. பிட்ஸ்பர்க் நகரில் 1900-ஆம் ஆண்டு நிறுவிய சிலையில், ஃபாஸ்டர் மேலே அமர்ந்திருக்க, அவர் காலடியிற் கறுப்பினத்தான் ஒருவன் பாஞ்ஜோ வாசித்துக் கொண்டிருந்தான். அச்சிலை 2018-இல் அவ்விடத்தினின்று அகற்றப்பட்டது. பாடல்களை எவரும் அகற்றினாரில்லை.

நாம் அறிய வேண்டுவது

இனி, இச்சரித்திரத்தால் நாம் பெறும் பயன் யாது? தொல்காப்பியனார் கூறிய நான்கும் இங்கே உள. தம் இழவையும் அசைவையும் ஃபாஸ்டர் உண்மையாகப் பாடினார். வறுமையைப் பாடினார், பாடியவாறே அதனுள் ஆழ்ந்தார். இளிவை மட்டும் அவர் பாதியே உணர்ந்தார். ஏனெனில் அது தம்முடையதன்று, பிறருடையது.

அவர் பாடல்களைக் கேட்டு அழுதோரையும் நாம் நினைத்தல் வேண்டும். மாலை வேளையிற் பியானோவைச் சூழ்ந்து நின்று விற்கப்பட்ட அடிமைக்காகக் கண்ணீர் வடித்த குடும்பங்கள் பல. அக்கண்ணீர் உலருமுன் தென்னாட்டில் வேறோர் அடிமை விலைப்பட்டுக் கொண்டிருந்தான். டக்ளஸ் போன்றோர் அவ்விரக்கத்தைச் செயலாக்க இரவும் பகலும் உழைத்தனர்; ஏனையோர் பாட்டு முடிந்ததும் விளக்கணைத்து உறங்கினர். நாடு முழுதும் அவர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த நாளிலேயே, அவர் தரும ஆஸ்பத்திரியிற் பெயரறியா நோயாளியரிடையே இறந்தார். சோகப் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விடுதல் இழிவன்று; அது நெஞ்சை நெகிழ்விக்கும் நல்ல மருந்தே. ஆனால் நெகிழ்ந்த நெஞ்சு அடுத்த வீட்டானின் கதவைத் தட்டாதாயின், அம்மருந்து நோயைத் தீர்க்கவில்லை. நோயை மறக்கச் செய்தது, அவ்வளவே.

நம் மாணவர் இப்பாடல்களைப் பாடுக; பாடி மனம் உருகுக. பாடி முடித்தபின், தம் வாயிலில் நிற்போர் எவர் என்று ஒரு முறை எழுந்து சென்று பார்ப்பாராக. ஹார்டு டைம்ஸ் என்னும் பாட்டில் ஃபாஸ்டர் நம்மிடம் கேட்டுக்கொண்டது அதுவேயாகும்.